பாங்காக் வாட்கள் (புத்தர் கோயில்கள்) எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன, எப்படிப் பார்ப்பது?

தேன்மொழி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாங்காக் போகிறேன். கையில் முழுதாக இரண்டு நாள் இருக்கிறது. நான்கு வருடம் முன்பு அலுவலக வேலையாகப் போனபோது ஒரே நாளில் ஐந்து கோயில் பார்த்தேன். இரவு படங்களைப் புரட்டினால் எது எந்தக் கோயில் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கும் அடுக்குக் கூரை, எங்கும் பொன், எங்கும் கண்ணாடிச் சில்லு.

அம்மா எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர். "இதை ஏன் இப்படிக் கட்டியிருக்கிறார்கள்?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார். இந்த முறை கொஞ்சமாகப் பார்த்தாலும் விவரம் தெரிந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அங்கே இருப்பவர்கள், கட்டடக்கலை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சீலோம் வாசி

வாங்க தேன்மொழி. நான் இங்கே பதினொரு வருடமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு வயதான பிக்கு ஒரே ஒரு விஷயத்தைக் காட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த வாட்டுக்குள் போனாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

வாட் என்பது ஒரு கட்டடம் அல்ல, ஒரு வளாகம். அதற்குள் பல கட்டடங்கள் இருக்கும். அவற்றில் இரண்டு பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஒன்று உபோசோத், மற்றது விஹான். இரண்டிலும் அடுக்குக் கூரை உண்டு, உள்ளே பெரிய புத்தர் உண்டு. உபோசோத் பிக்குகளுக்கானது. துறவு தருவதும், அவர்கள் கூடி விதிகளை ஓதுவதும் அங்கேதான். விஹான் நம்மைப் போன்றவர்கள் வந்து கும்பிடும் இடம். எது எது என்று கூரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தரையைப் பார்க்க வேண்டும். உபோசோத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் இலை வடிவக் கற்கள் நிற்கும். அவற்றை "பை சேமா" என்பார்கள். சேமா என்றால் எல்லை. சீமா என்ற பாலிச் சொல்தான் அது, நம் "சீமை"யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சில இடங்களில் சின்ன மண்டபம் கட்டி அதற்குள் கல்லை வைத்திருப்பார்கள். அரச கோயில்களில் இரண்டிரண்டாகவும் நிற்கும்.

அந்தக் கற்களுக்கு அடியில் உருண்டைக் கல் ஒன்று புதைக்கப்பட்டிருக்கும். எட்டுத் திசைக்கு எட்டு, ஒன்பதாவது கட்டடத்தின் நடுவில். அவற்றைப் புதைக்கிற விழாவில் ஊரார் எல்லோரும் கல்லில் தங்கத்தாள் ஒட்டுவார்கள். குழிக்குள் ஊசி, நூல், பென்சில், நோட்டு எல்லாம் போடுவார்கள். புத்தி கூர்மையாக இருக்கட்டும் என்பது வேண்டுதல். எல்லை போட்ட பிறகு அந்த நிலத்துக்குள் நடக்கும் சங்கச் சடங்குதான் செல்லும். கூரை இடிந்து விழுந்தாலும் எல்லை இருக்கும்.

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அவரே கற்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

செங்கல்

சீலோம் வாசி தரையிலிருந்து தொடங்கினார், நான் உச்சியிலிருந்து சொல்கிறேன். நான் பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலையில் இருக்கிறவள். பாங்காக்கில் மூன்று மாதம் ஒரு பயிற்சிக்காகத் தங்கியிருந்தேன்.

உச்சி வடிவம் மூன்றுதான், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். மணியைக் கவிழ்த்து மேலே ஊசி செருகியது போல இருந்தால் அது சேதி, அதாவது சைத்தியம். உரித்த சோளக்கதிரை நட்டு வைத்தது போல இருந்தால் பிராங், கெமர் கோபுரத்தின் வழி வந்தது. சதுரக் கட்டடத்தின் மேல் கூரை படிப்படியாகக் குறுகி ஊசியாக முடிந்தால் மொந்தோப். பெயரைச் சொல்லிப் பாருங்கள், நம் மண்டபம்தான். அரண்மனை வளாகத்தில் இருக்கும் பிரா கேவ் கோயிலில் மேல்தளத்தில் ஏறி நின்றால் மூன்றும் ஒரே வரிசையில் தெரியும். பொன் மணி ஒன்று, அடுத்து மொந்தோப், அடுத்து உச்சியில் பிராங் வைத்த அரச நினைவு மண்டபம். பாடம் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் வடிவத்தைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது வேறு. 1767-இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்தது. சியாமின், அதாவது அன்றைய தாய்லாந்தின், நானூறு வருடத் தலைநகரம். பதினைந்தே வருடத்தில், 1782-இல், அரசர் முதலாம் ராமா ஆற்றின் கிழக்குக் கரையில் பாங்காக்கைத் தொடங்கினார். அயுத்தயாவின் இடிபாடுகளிலிருந்து செங்கற்களையே படகில் கொண்டுவந்து கட்டினார்கள். வடக்கே பாழடைந்து கிடந்த கோயில்களிலிருந்து 1,200-க்கும் மேற்பட்ட புத்தர் சிலைகளைச் சேகரித்தார்கள். வாட் போவின் சுற்றுத் திருச்சுற்றில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிலைகளில் பல அப்படி வந்தவை. அதே வாட் போவில் பீங்கான் பதித்த நான்கு பெரிய சேதிகள் இருக்கின்றன. பச்சை நிறத்தில் இருப்பது முதலாம் ராமா எழுப்பியது. அயுத்தயா அரண்மனைக் கோயிலில் நின்ற புத்தரின் பொற்கவசத்தைப் பர்மியர் உருக்கி எடுத்த பிறகு, மிஞ்சிய உடலை அவர் கொண்டுவந்து அந்தச் சேதிக்குள் வைத்து மூடினார். வெளியே நின்று பார்த்தால் அழகான பூ வேலை, உள்ளே எரிந்துபோன ஒரு நகரம் இருக்கிறது. எனக்கு அந்தச் சேதி முன்னால் நின்றபோது தொண்டை அடைத்துவிட்டது.

பாங்காக் கோயில்கள் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்று கேட்டீர்களே, காரணம் இதுதான். அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முயலவில்லை. தொலைத்த ஒன்றைத் திரும்பக் கட்டினார்கள். வேறுபாடெல்லாம் மூன்றாம் ராமா காலத்திலிருந்துதான் பெரிதாக வருகிறது.

பனங்கூடல்

நல்ல இழை. செங்கல் அக்கா சொன்ன மணி வடிவச் சேதி எங்கள் பக்கத்தில் இருந்து போனது. இலங்கைத் தாதுகோபத்தின் சாயல் அது. அயுத்தயாவுக்கும் முந்தைய சுகோதை அரசின் காலத்திலேயே இலங்கை மரபுப் பௌத்தம் அங்கே வேரூன்றிவிட்டது. பிறகு அதே வழியில் திரும்பியும் வந்தது. கண்டியில் துறவு கொடுக்கத் தகுதியான பிக்குகளே இல்லாத நிலை வந்தபோது, நாயக்க வம்சத்து அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அயுத்தயாவுக்கு ஆள் அனுப்பினான். 1753-இல் உபாலி தேரர் வந்து துறவு மரபை மீண்டும் தொடங்கி வைத்தார். இன்றும் அந்தப் பிரிவுக்குச் சியாம் நிகாயம் என்றுதான் பெயர். அதற்குப் பதினான்கு வருடம் கழித்து அயுத்தயாவே எரிந்துவிட்டது.

தேன்மொழி, நீங்கள் லோஹா பிரசாத்தைத் தவறவிட வேண்டாம். வாட் ராட்சநட்டா வளாகத்தில் இருக்கிறது. மூன்றாம் ராமா 1846-இல் கட்டத் தொடங்கியது. அதற்கு முன்மாதிரியான, இலங்கை அனுராதபுரத்தில் அரசன் துட்டகைமுனு கட்டிய லோஹப் பிராசாதம் ஒன்பது மாடி, செப்பு ஓடு வேய்ந்தது என்று மகாவம்சம் சொல்லும். அங்கே இன்று போனால் 1,600 கல் தூண்கள் காடு மாதிரி நிற்கும், மேலே ஒன்றும் இல்லை. சின்ன வயதில் அப்பாவோடு போனபோது அந்தத் தூண்களுக்கு இடையில் நின்று, மேலே மாடிகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். பல வருடம் கழித்துப் பாங்காக்கில் லோஹா பிரசாத்தைக் கண்டபோது அந்த யோசனைக்கு ஒரு உருவம் கிடைத்தது போல இருந்தது.

செங்கல்

பனங்கூடல், நான் எழுத நினைத்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். பாங்காக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டடம் அதுதான். பிரா கேவ் கோயிலைவிட அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

மூன்று நிலை. கீழே 24, நடுவில் 12, மேலே ஒன்று, ஆக மொத்தம் 37 உலோகக் கூர்முனைகள். ஞானத்துக்குத் துணை நிற்கும் பண்புகள் 37 என்று பௌத்தம் சொல்கிறது, அதுதான் கணக்கு. உள்ளே போனால் பெரிய கூடம் எதுவும் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக நடைவழிகள், நடுவில் ஒரே தூணைச் சுற்றி ஏறும் மரச் சுழல்படி. தியானத்துக்கு நடக்கவென்றே செய்த கட்டடம் அது. நடைவழியின் ஒரு முனையில் நின்றால் வளைவு வாசல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய் எதிர்முனையில் ஒரு சதுர வெளிச்சம் தெரியும். கூட்டமும் அவ்வளவாக இருக்காது.

முன்னொரு காலத்தில் அதற்கு எதிரே சாலையில் ஒரு பெரிய திரையரங்கு நின்றது. 1989-இல் அதை இடித்து இந்தக் கட்டடம் தெரியும்படி செய்தார்கள். கருப்பாக இருந்த கூர்முனைகள் இப்போது பொன்னிறமாகிவிட்டன. எனக்குக் கருப்பே பிடித்திருந்தது, அது தனி.

கரிக்கோடு

பொன்னிறம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் ஓவியம் வரைகிறவன். வாட் அருணை 2009-இல் எதிர்க்கரையில் உட்கார்ந்து மூன்று மாலை வரைந்தேன். சாம்பலும் பழுப்புமாக, காலம் படிந்த கோபுரம். அதற்குள்ளிருந்து பீங்கான் பூக்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். 2018-இல் மறுபடி போனால் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. அதே இடத்தில் உட்கார்ந்தேன், ஒரு கோடு கூடப் போட முடியவில்லை. 2013 முதல் 2017 வரை நடந்த திருப்பணி அதன் வயதைத் துடைத்து எடுத்துவிட்டது என்பதுதான் என் எண்ணம். தேன்மொழி, அங்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பழைய படங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

செங்கல்

கரிக்கோடு, உங்கள் வருத்தம் புரிகிறது. அங்கேயும் அப்போது இதே வாதம்தான் பெரிதாக நடந்தது. கோபுரம் வெளுத்துவிட்டது, பழைய பீங்கானின் நயம் போய்விட்டது என்று நிறையப் பேர் எழுதினார்கள். தாய்லாந்து அரசின் நுண்கலைத் துறை, பழைய வடிவங்களைத்தான் பின்பற்றினோம், பாசியையும் அழுக்கையும் நீக்கியபோது சுண்ணாம்பின் இயல்பான வெள்ளை வெளிப்பட்டது என்று விளக்கம் சொன்னது.

நான் பாதி உங்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். பாங்காக் ஆற்று வண்டல் மேல் உட்கார்ந்திருக்கிறது. தோண்டினால் கருங்கல் கிடைக்காது, களிமண்தான் கிடைக்கும். அதனால் செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு, அரக்கு, கண்ணாடி, பீங்கான் இவற்றால்தான் எல்லாம். பழைய சுண்ணாம்புக் கலவையில் சர்க்கரைப் பாகும் தோல் பசையும் சேர்ப்பார்கள். அப்படியும் அந்த ஈரத்துக்கு அது நூறு வருடம் தாங்காது. பாசி பிடிக்கும், வேர் நுழையும், பீங்கான் உதிரும். ஒவ்வொரு அரசரும் முந்தையவர் கட்டியதைப் புதுப்பித்துக்கொண்டே வந்ததால்தான் அந்தக் கோபுரம் நின்றுகொண்டிருக்கிறது. கருங்கல் கோயிலைப் பார்த்த கண்ணோடு அங்கே போய் "பழமை எங்கே?" என்று தேடினால் ஏமாற்றம்தான். நாம் வருடக் கணக்கு வைத்துச் சுதைக் கோபுரங்களுக்கு வர்ணம் பூசுகிறோமே, அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும்.

பீங்கான் விஷயத்தில் மட்டும் உங்களோடு நிற்கிறேன். இரண்டாம் ராமா தொடங்கி மூன்றாம் ராமா முடித்த கோபுரம் அது. சீனக் கப்பல்களில் வந்த பீங்கானும் உடைந்த தட்டுகளும் கிண்ணங்களும்தான் அதன் பூக்கள். ஒரு இதழ் தட்டின் விளிம்பிலிருந்து வந்திருக்கும், அடுத்தது கிண்ணத்தின் வயிற்றிலிருந்து. இரண்டு இதழுக்கும் வளைவு வேறு. அதனால் வெயில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகத் தெறிக்கும். அச்சில் செய்த புது இதழில் அது வராது. இதைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன, அவர்களுக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம்.

கரிக்கோடு

தட்டின் வளைவு பற்றிச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த முறை கிட்டப் போய் அதைப் பார்க்கிறேன். பழைய ஓவியங்களில் நான் எல்லாப் பூவையும் ஒரே மாதிரி போட்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

தேன்மொழி

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்ட கேள்வி: வாட் அருண் கோபுரத்தில் மாடத்துக்குள் யானை மேல் யாரோ இருக்கிறாரே, அது யார்? புத்தர் கோயிலில் யானை மேல் ஏன்?

சீலோம் வாசி

அது இந்திரன். மூன்று தலை ஐராவதத்தின் மேல் இருக்கிறார். கோபுரம் மேரு மலை, உச்சிக்குக் கீழே இருப்பது அவருடைய உலகம். நான்கு மூலையிலும் சின்ன கோபுரங்கள் இருக்கின்றன, அவற்றில் குதிரை மேல் வாயு பகவான். உச்சியில் சூலம் போல ஒன்று கிளை விட்டு நிற்கும். கோயிலின் பெயரே அருணனுடையதுதான். உபோசோத் வாசலில் இரண்டு அரக்கர்கள் காவல் நிற்கிறார்கள், பச்சையாக இருப்பவர் தோசகன், அதாவது பத்துத் தலை ராவணன். அம்மாவுக்கு அவரைக் காட்டுங்கள். இங்கே ராவணன் வாசல் காப்பவர். ராமகியன் என்று தாய்லாந்துக்காரர்கள் சொல்லும் ராமாயணம் பிரா கேவ் கோயில் திருச்சுற்றில் 178 ஓவியப் பகுதிகளாக ஓடுகிறது. வாட் போ உபோசோத்தைச் சுற்றி 152 சலவைக்கல் புடைப்புச் சிற்பங்களாகவும் இருக்கிறது.

இன்னொரு இடம் தமிழர்கள் பார்த்தே ஆக வேண்டியது. வாட் சுதாட் வாசலுக்கு எதிரே சிவப்பு நிறத்தில் பெரிய தேக்கு ஊஞ்சல் சட்டம் நிற்கும். 1935 வரை அதில் ஆட்கள் ஊஞ்சலாடி, உயரத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வினார்கள். அது அரண்மனைப் பிராமணர்களின் சடங்கு. அதன் பெயர் திரியம்பாவாய் - திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். ஊஞ்சல் நின்றுபோனாலும் சடங்கு நிற்கவில்லை. பக்கத்திலேயே இருக்கும் தேவசதான் கோயிலில், 1784-இல் கட்டியது, இன்றும் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. மார்கழிக் குளிரில் நம் வீட்டில் பாடிய பாட்டின் பெயரை இவ்வளவு தூரத்தில், வேறு நாக்கில் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

வாட் சுதாட் உள்ளேயும் அவசரப்படாமல் பாருங்கள். விஹானில் இருக்கும் புத்தர் சுகோதையிலிருந்து ஆற்று வழியே கொண்டுவரப்பட்டவர், 8 மீட்டர் உயரம். அந்த விஹானின் பழைய கதவு ஒன்றை இரண்டாம் ராமா தன் கையாலேயே செதுக்கினார். 1959-இல் தீப்பிடித்த பிறகு அதைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். உபோசோத்தின் நீளம் 72 மீட்டர்.

பனங்கூடல்

அம்மாவுக்கு முழங்கால் எப்படி? பரவாயில்லை என்றால் வாட் சாகேத் பொன்மலையில் ஏற்றுங்கள். முந்நூறு சொச்சம் படி, ஆனால் மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறுவது. மூன்றாம் ராமா அந்த இடத்தில் மிகப் பெரிய சேதி கட்ட முயன்றார். களிமண் தாங்கவில்லை, சரிந்துவிட்டது. செங்கல்லும் மண்ணுமாகக் கிடந்த குவியலில் செடி முளைத்து, ஊரார் அதை மலை என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான்காம் ராமா அதைத் திரும்ப எடுத்துக் கட்டாமல், அந்த இடிபாட்டின் உச்சியிலேயே சின்னதாக ஒரு சேதி எழுப்பத் தொடங்கினார், ஐந்தாம் ராமா காலத்தில் முடிந்தது. இந்தியாவின் பிப்ரவாவில் 1898-இல் கிடைத்த புத்தர் தாதுவில் (உடல் எச்சத்தில்) ஒரு பகுதியை இந்திய அரசு சியாமுக்குக் கொடுத்தபோது, அதை இங்கேதான் வைத்தார்கள். நவம்பரில் போனால் சேதியைச் சிவப்புத் துணியால் சுற்றியிருப்பார்கள், கீழே திருவிழா நடக்கும்.

சீலோம் வாசி

நடைமுறை விஷயம் சுருக்கமாக. தோளும் முழங்காலும் மூடிய உடை. கழற்றி மாட்ட எளிதான செருப்பு. புத்தரை நோக்கிக் கால் நீட்டி உட்காரக் கூடாது. பிக்குகளைப் பெண்கள் தொடக் கூடாது, பொருள் கொடுப்பதானால் துணி மேல் வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார். அரண்மனை வாசல் பக்கம் யாராவது "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால் நிற்காமல் நடங்கள். சனம் சாய் மெட்ரோவில் இறங்கினால் வாட் போ நடக்கிற தூரம். அங்கிருந்து தா தியன் துறையில் படகேறினால் ஐந்து நிமிடத்தில் வாட் அருண்.

இரண்டாம் நாள் நேரம் மிஞ்சினால் பளிங்குக் கோயில் வாட் பெஞ்சமபோபிட் போகலாம். 1899-இல் தொடங்கியது, இளவரசர் நாரிஸ் வடிவமைத்தார், இத்தாலியிலிருந்து கராரா சலவைக்கல். அழகுதான், ஆனால் என் மனம் அதில் அவ்வளவாக ஒட்டவில்லை. அதற்குப் பதில் வாட் ராட்சபோபிட் போனால் நான் சந்தோஷப்படுவேன். 1869-இல் ஐந்தாம் ராமா தொடங்கியது. நடுவில் உயரமான சேதி, அதைச் சுற்றி வட்டமான திருச்சுற்று, வட்டத்தில் செருகினாற்போல உபோசோத்தும் விஹானும். சுவரெல்லாம் ஐந்து வண்ணப் பூ ஓடு. வெளியே முழுக்கத் தாய்லாந்து, உபோசோத்துக்குள் தலை நுழைத்தால் ஐரோப்பியத் தேவாலயம். கட்டடம் மூடியிருந்தாலும் கதவுகளைப் பாருங்கள், அரச விருதுச் சின்னங்களை முத்துச்சிப்பியில் பதித்திருக்கிறார்கள்.

தேன்மொழி

(ஐந்து வாரம் கழித்து)

போய் வந்துவிட்டோம். இரண்டு நாளில் ஆறு கோயில். பளிங்குக் கோயிலை விட்டுவிட்டோம்.

அம்மா சேமா கற்களை என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். வாட் போவில் 46 மீட்டர் சயன புத்தரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கட்டடத்தை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினார். "இதைச் சுத்திக் கல்லே இல்லை, அப்ப இது விஹான்" என்றார். முத்துச்சிப்பி பதித்த பாதங்களில் 108 மங்கலச் சின்னங்களையும் எண்ணிப் பார்க்க நின்றார், கூட்டம் தள்ளியதால் முடியவில்லை. 108 கிண்ணத்திலும் காசு போட்டார். பச்சைச் சேதி முன்னால் அயுத்தயா புத்தர் கதையைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அங்கே செருப்புப் போட்டு நிற்கலாம்தான், ஆனாலும் கழற்றினார்.

செங்கல் அக்கா, வாட் அருணில் தட்டின் வளைவைப் பார்த்தோம். கீழ்நிலையில் ஒரு பூவில் நாலு இதழ் ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி குழிந்திருந்தது. விரலால் தடவாமல் கண்ணாலேயே பார்த்தோம். லோஹா பிரசாத்தில் ஒரு மணி நேரம் இருந்தோம், அம்மா நடைவழியில் மூன்று முறை நடந்தார்.

ஒரு சந்தேகம். வாட் ராட்சபோபிட்டில் உபோசோத்தைச் சுற்றிச் சேமா கல் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. வட்டத் திருச்சுற்றையும் இரண்டு முறை சுற்றிவிட்டோம். அம்மா விடவே இல்லை. உபோசோத் என்றால் கல் இருக்க வேண்டுமே?

சீலோம் வாசி

அம்மாவுக்கு என் வணக்கம். அங்கே கல் உபோசோத்தை ஒட்டி இருக்காது. வெளி மதிலில் எட்டுத் திசையிலும் தூண் இருக்கும், சேமா அதன் மேல் இருக்கிறது. மகாசீமா என்பார்கள். வளாகம் முழுவதுமே எல்லைக்குள் அடக்கம். நீங்கள் உபோசோத்தைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தபோது எல்லைக்கு உள்ளேதான் இருந்திருக்கிறீர்கள்.

தேன்மொழி

இப்போதுதான் படங்களைத் திறந்து பார்த்தோம். மதில் ஓரம் அம்மா நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. பின்னால் ஒரு தூண், அதன் தலையில் இலை வடிவக் கல். அம்மா அந்த ஒரு படத்தை மட்டும் சட்டம் போடச் சொல்கிறார்.